"சிஸ்டம் விடல" என்றால், விடாதது யார்?

பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் போகும். 45 நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

இப்போதெல்லாம் எந்த அலுவலகத்தின் படி ஏறினாலும் ஒரு வாக்கியம் காதில் விழுகிறது. "சிஸ்டம் விடல சார்." பெயரைத் தமிழில் அடிக்க முடியாதா என்றால் சிஸ்டம் விடவில்லை. பென் டிரைவில் இருக்கும் ஒரு பக்கத்தை அச்செடுத்துத் தர முடியுமா என்றால் அதற்கும் விடவில்லை. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் அந்தப் பொத்தான் உண்மையிலேயே சாம்பல் பூத்துக் கிடக்கிறது, அழுத்தினால் அமுங்கவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்?

நான் பணியில் இருந்த காலத்தில் இதே இடத்தில் "மேலிடத்து உத்தரவு" என்பார்கள். பிடிக்காவிட்டாலும் அந்த உத்தரவுக்கு ஓர் எண் இருக்கும், தேதி இருக்கும், கீழே ஒரு கையெழுத்து இருக்கும், யார் யாருக்கு நகல் என்ற பட்டியலும் இருக்கும். விளக்கம் கேட்டு எழுதலாம், எதிர்த்தும் எழுதலாம். சிஸ்டத்துக்கு எழுத முடியுமா? சிஸ்டம் என்று ஓர் ஆள் கிடையாது. எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஒரு நாள் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். அந்த டிக்கும் ஓர் ஆணைதான். ஆனால் கையெழுத்தில்லாத ஆணை. இந்தப் பழக்கம் நல்லதில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இயற்பியல் வாத்தியாருக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது வேறென்ன? கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். தப்பிருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள்.

2003-இல் பிளஸ் டூ முடித்த என் மாணவி ஒருத்தி நம் மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன், அவளுக்கு வேலை வேண்டும். இடம் மாறி வேறு மேசைக்கு வந்த நாள் முதல் அவள் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லை. செட்டிங்ஸ் பக்கம் போய்ச் சேர்க்கலாம் என்றால் அந்தப் பக்கமே திறக்காது. பராமரிப்புக்கு வரும் பையன் தன் அதிகாரத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். மறுநாள் காலை லாக்-ஆன் செய்தால் மறுபடி ஆங்கிலம் மட்டும். ஹெல்ப் டெஸ்க்குக்குப் புகார் போட்டாள். "ரீஸ்டார்ட் செய்யவும்" என்று பதில் எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி போட்டாள், மறுபடி மூடினார்கள். இப்படியே ஆறு வாரம்.

ஆறு வாரமும் வேலை நிற்கவில்லை. அதுதான் கொடுமை. கடிதங்களை வீட்டில் ராத்திரி உட்கார்ந்து செல்போனில் தமிழில் அடித்து, காலையில் பக்கத்து மேசைக்காரரிடம் கெஞ்சி அச்செடுப்பாள். அவர் விடுப்பில் போன நாட்களில் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்தாள். நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எழிலரசி என்ற பெயருக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் எல் போடுவார். ஆதாரில் ஒன்று, மனுவில் ஒன்று. வளத்திப் பக்கத்திலிருந்து கணவரை இழந்த ஓர் அம்மா இந்த ஓர் எழுத்துக்காக மூன்று முறை பஸ் ஏறி வந்திருக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போச்சு.

2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாதத்தில், கணினித் தமிழுக்கு யூனிகோட் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அதற்கும் முன்னால் 1999-இலேயே தமிழ்99 விசைப்பலகையை ஏற்றாயிற்று. இன்று விண்டோஸுடனேயே தமிழ் விசைப்பலகை வருகிறது. இத்தனை பேர் இத்தனை ஆண்டு பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஒரு மேசையில் ஒரு டிக் தட்டிவிட்டுப் போகிறது. ஏன் என்று கேட்க ஆளில்லை.

அந்த டிக் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்த கதையைச் சொல்வதற்கு முன், இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். உறவினர்களும் படிக்கிறார்கள் என்பதால் நம் ஊர் வழியாகவே சொல்கிறேன்.

நூறு கணினி இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து அமைப்புகளை மாற்ற முடியாது. அதனால் தலைமை சர்வரில் ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் எல்லா ஊழியர்களும் அதில் பிரிவு பிரிவாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் விதிகளைக் கட்டிவிடலாம். எந்த வால்பேப்பர், எந்த பிரிண்டர், பென் டிரைவ் உண்டா இல்லையா, எத்தனை நிமிடத்தில் திரை பூட்ட வேண்டும், எல்லாமே. இதற்குத்தான் குரூப் பாலிசி என்று பெயர். விண்டோஸ் 2000 வந்த நாளிலிருந்து இருக்கிறது. பெயரே தப்பு என்பான் என் மாணவன் ஒருவன். குரூப் என்கிற ஊழியர் குழுக்களுக்கு இதை நேராகக் கட்ட முடியாதாம், பிரிவுகளுக்குத்தான் கட்ட முடியுமாம். பெயர் வைத்தவர் என்ன நினைத்தாரோ.

இப்போது நம் ஊர் மாசித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மாநில அரசு விடுமுறைப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் அங்காளம்மன் தேர் கிடையாது. தேர் நாளைக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால், மாநிலப் பட்டியலில் வேலை நாளாக இருந்தாலும் நம் மாவட்டத்துக்கு அன்று விடுமுறை. பக்கத்தில் இருப்பவரின் சொல் ஜெயிக்கிறது. ஆனால் அதே ஆணையில் கடைசியில் சில வரிகள் இருக்கும். பொதுத்தேர்வு இருந்தால் அது நடக்கும். 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டப்படியான விடுமுறை இது இல்லை, எனவே கருவூலம் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள். விடுமுறை என்று தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி வரிகளில்தான்.

குரூப் பாலிசியும் ஏறக்குறைய இதுதான். முதலில் அந்தக் கணினிக்குள்ளேயே போட்ட விதி, பிறகு அது இருக்கும் இடத்துக்கான விதி, பிறகு மொத்த நிறுவனத்துக்கான விதி, கடைசியில் அது சேர்ந்த பிரிவின் விதி. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கடைசியாக வந்தது நிற்கும். ஆகவே மேசையில் உட்கார்ந்து நாம் மாற்றுவதுதான் எல்லாவற்றையும் விட பலவீனமானது. வாட்ச்மேன் கரும்பலகையில் "நாளை லீவு" என்று எழுதியது மாதிரி. மேலிருந்து "என்ஃபோர்ஸ்டு" என்று முத்திரை குத்தி அனுப்பிய விதி மட்டும் பொதுத்தேர்வு மாதிரி. கீழே யார் என்ன சொன்னாலும் அது நடந்தே தீரும்.

இன்னொன்று. கணினி எப்போதோ ஒருமுறை விதியைக் கேட்டுவிட்டு விட்டுவிடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் போய் "ஏதாவது மாறியிருக்கிறதா" என்று கேட்கும். சரியாக 90 இல்லை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை மனம்போனபடி ஒரு தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளும். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நிமிடத்தில் பஸ் நிலையத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்வருக்கும் அதே பயம்தான். பராமரிப்புப் பையன் கையால் செய்த மருத்துவம் ஏன் நிலைக்கவில்லை என்பது இப்போது புரியும். சில விதிகள் இந்த 90 நிமிடச் சுற்றில் திரும்பும், சில விதிகள் ஒவ்வொரு லாக்-ஆனிலும் திரும்பும்.

இனி கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். சென்னையில் இதே வேலையில் இருக்கும் 98-ஆம் ஆண்டு மாணவன் ஒருவனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "உன் ஐ.டி.யை வச்சிப் பக்கத்து சிஸ்டத்துல லாக்-ஆன் பண்ணிப் பார்த்தியாம்மா?"

"பண்ணேண்ணா. அங்க தமிழ் வருது."

"அவங்க ஐ.டி.யில உன் சிஸ்டத்துல?"

"அவருக்கும் வரல."

"அப்ப உன்மேல தப்பில்ல. நாற்காலிமேல தப்பு."

இந்த இரண்டு கேள்விகளில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆறு வாரம் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்த யாரும் இதைக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. என்னிடம் செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். மீட்டர் பிரிட்ஜில் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் ஓடும். உடனே "சார், கால்வனோமீட்டர் ரிப்பேர், வேற குடுங்க" என்று கை தூக்குவீர்கள். வேறு கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் ஓடும். கம்பி முனையை உப்புத்தாளில் தேய்க்காமல் செருகியிருப்பீர்கள். சுற்றை இரண்டாகப் பிரி, எந்தப் பாதியில் கோளாறு என்று பார், பிறகு அந்தப் பாதியை இரண்டாகப் பிரி என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். ஆளா, கணினியா? இந்தக் கணினி மட்டுமா, அந்த அறை முழுவதுமா? நேற்று வரை இருந்ததா, எப்போதுமே இல்லையா? கருவி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

மறுநாள் அவன் சொன்னபடி அவள் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஜிபி-ரிசல்ட் என்ற கட்டளையை அடித்தாள். நல்ல வேளையாக அதை யாரும் அடைத்து வைத்திருக்கவில்லை. இந்தக் கட்டளை என்னென்ன விதிகள் வந்து இறங்கியிருக்கின்றன, எவை வராமல் தள்ளப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்று பட்டியலிடும். கணினிக்கான பட்டியலைப் பார்க்க அதிகாரம் வேண்டும், தனக்கான பட்டியலைச் சாதாரண ஊழியரே பார்க்கலாம். அந்தப் பட்டியலில், எழுத்தராக உட்கார்ந்திருக்கும் அவளுக்கு, பொதுமக்கள் கவுன்ட்டருக்கான விதிகள் வரிசையாக நின்றன.

விஷயம் இதுதான். அந்தக் கணினி அதற்கு முன் வாசலில் வருகிறவர்கள் தாங்களே தட்டிப் பார்க்கும் கவுன்ட்டரில் இருந்தது. வருகிறவர் யாரும் செட்டிங்ஸைத் தொடக்கூடாது, ஆங்கில விசைப்பலகை மட்டும் போதும் என்று அந்தப் பிரிவுக்கு யாரோ முடிவு செய்திருக்கிறார். அதோடு "லூப்பேக்" என்று ஓர் அமைப்பு. உட்காருபவர் யாராக இருந்தாலும் அவருக்குரிய விதிகளை விட்டுவிட்டு, அந்தக் கணினி இருக்கும் பிரிவின் விதிகளையே அவர் தலையில் கட்டு என்பது அதன் பொருள். கவுன்ட்டருக்கு அது சரியான ஏற்பாடுதான். பிறகு கணினியை உள்ளே தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். பதிவேட்டில் அதன் பெயரைப் பிரிவு மாற்றி எழுத மறந்துவிட்டார்கள். பெட்டி உள்ளே வந்துவிட்டது, பெயர் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

அந்தப் பட்டியலைப் படம் எடுத்து, கணினியின் பெயரையும் சேர்த்து, "இந்தக் கணினி இப்போது கவுன்ட்டரில் இல்லை, எழுத்தர் மேசையில் இருக்கிறது, பிரிவை மாற்றித் தரவும்" என்று மூன்றே வரி எழுதச் சொன்னான். எழுதினாள். மறுநாள் காலை ஒரு ரீஸ்டார்ட், தமிழ் வந்துவிட்டது. இந்த முறை ரீஸ்டார்ட் தேவைப்பட்டது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளே, உங்களோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்.

எல்லாக் கோளாறும் லூப்பேக் இல்லை என்று எனக்கும் தெரியும். "நெட் ஸ்பீடா இருக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலுவலகக் கணினியின் டி.என்.எஸ். முகவரியில் நான்கு எட்டு போட்டுவிடுகிறார்கள். கூகுளுக்கு உங்கள் அலுவலக சர்வர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கணினி தன் சர்வரையே கண்டுபிடிக்க முடியாமல் பழைய விதிகளோடு திண்டாடும். நம் ஊரில் கரன்ட் போய்ப் போய் வருவதில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், கடிகாரம் ஏதோ பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும். சர்வர் நேரத்துக்கும் கணினி நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சர்வர் அதை நம்பாது. அந்தச் சின்ன வட்டப் பேட்டரிக்காக முழு விண்டோஸையும் அழித்து மறுபடி ஏற்றியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். "ஜிபி-அப்டேட் ஃபோர்ஸ்" அடி என்பதை மந்திரம் மாதிரி சொல்கிறீர்கள். விதியே தவறான இடத்தில் கட்டப்பட்டிருந்தால், அந்தக் கட்டளை தவறான விதியையே இன்னும் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கும். முதலில் பட்டியலைப் பாருங்கள். என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் மறுபடி அனுப்பச் சொல்லி என்ன பயன்?

சில நேரம் உங்கள் மேலும் தப்பிருக்காது. 2016 ஜூன் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. எம்.எஸ். 16-072 என்று அதற்குப் பெயர். அதுவரை ஊழியருக்கான விதிகளை ஊழியரின் பெயரிலேயே கணினி போய் வாங்கி வந்தது. அன்றிலிருந்து கணினி தன் பெயரில் போய்தான் வாங்க வேண்டும் என்று மாறியது. பல அலுவலகங்களில் "இந்த விதியை இன்னின்ன குழு மட்டும் படிக்கலாம்" என்று சுருக்கி வைத்திருந்தார்கள். கணினிக்குப் படிக்கும் உரிமையே இல்லை. உலகம் முழுவதும் ஒரே வாரத்தில் மறைத்து வைத்த டிரைவ்கள் வெளியே தெரிந்தன, பிரிண்டர்கள் காணாமல் போயின. மேசையில் இருந்தவர்கள் எதையும் தொடவில்லை. அலுவலகத்தின் நிர்வாகியும் தொடவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் தொட்டார். அந்த வாரம் எத்தனை ஊழியர்கள் "நீ என்னத்தையோ அமுக்கிட்ட" என்று ஏச்சு வாங்கியிருப்பார்கள்!

ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் எண் இருந்தது, தேதி இருந்தது, என்ன மாறியது, எப்படிச் சரிசெய்வது என்ற குறிப்பும் இருந்தது. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. உலகத்துக்கே விதி அனுப்புகிறவர்கள் எண் போட்டு அனுப்புகிறார்கள். 40 கணினி இருக்கும் அலுவலகத்தில் எண்ணும் இல்லை, பேரும் இல்லை.

மையத்திலிருந்து நிர்வகிப்பதே தப்பு, அவரவர் கணினியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகைப் பிடித்து ஆட்டியது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. மையத்திலிருந்து எல்லாக் கணினிக்கும் அதை ஏற்றிவைத்த அலுவலகங்கள் நிம்மதியாகத் தூங்கின. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவரவர் விருப்பத்துக்கு விட்ட இடங்கள் அழுதன. பக்கத்து ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளே மாட்டின. 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்துப் பொதுத்துறையின் கணினிகளும் இதே வகைப் பிணைத்தொகைத் தாக்குதலுக்கு ஆளாயின. பென் டிரைவை அடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே நேரம், ஒரே கையில் எல்லாச் சாவியும் இருந்தால் அந்தக் கை நடுங்கும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9:39. அது குரூப் பாலிசி இல்லைதான், ஆனால் மையத்திலிருந்து ஒரே அடியில் எல்லாருக்கும் போவது என்ற வகையில் இரண்டும் பங்காளிகள். 10:57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிடம்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், படங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வங்கிகளில் பெரும்பாலானவை தப்பின. 10 வங்கி, நிதி நிறுவனங்களில்தான் சிறு தடங்கல் என்றது ரிசர்வ் வங்கி. அனுப்பியது ஒரே நொடியில். சரிசெய்தது? பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழித்து, நாள்கணக்கில்.

ஆகவே மையம் வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. மையத்தில் இருப்பவர், தன் டிக் போய் இறங்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். முதலில் பத்துக் கணினிக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒன்று தலைமை அலுவலகத்துக் குளிர்சாதன அறையில் இல்லாமல் செஞ்சியிலோ நம் ஊரிலோ, நெட் இழுத்து இழுத்து வரும் ஒரு மேசையில் இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். குரூப் பாலிசியில் ஒவ்வொரு விதிக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறதாம், கமென்ட் என்று. யார் கேட்டது, எதற்காக, எந்தத் தேதியில், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுத இடம். "எத்தனை பேர்ப்பா அதை நிரப்புறீங்க?" என்று சென்னை மாணவனைக் கேட்டேன். சிரித்தான். பல இடங்களில் விதிக்குப் பெயர் கூட வைப்பதில்லை, கணினி தானாகக் கொடுக்கும் "நியூ குரூப் பாலிசி ஆப்ஜெக்ட்" என்ற பெயரிலேயே கிடக்கும், இல்லாவிட்டால் "டெஸ்ட் 1", "டெஸ்ட் 2" என்று இருக்கும் என்றான். டெஸ்ட் 2 எதற்கென்று போட்டவர் வேலையை விட்டுப் போய்ப் பல ஆண்டு ஆகியிருக்கும். எடுத்தால் என்ன விழுமோ என்று பயந்து அடுத்தவர் தொடமாட்டார். அந்த டெஸ்ட் 2 தான் வெளியூரில் ஓர் அம்மாவை மூன்று முறை பஸ் ஏற்றுகிறது.

பள்ளி அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை பதிவேட்டில் ஏறாமல் சுவரில் ஒட்டப்பட்டால் தலைமை எழுத்தர் கிழித்துப் போட்டுவிடுவார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் இந்த வாரமே உங்கள் அலுவலகத்து விதிகளைத் திறந்து, குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது என்றான் அவன்.

மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு: வரிசையில் நிற்பவரிடம் "சிஸ்டம் விடல" என்று சொல்வதற்குப் பதில் "இந்த அமைப்பை எங்கள் தலைமை அலுவலகம் அடைத்திருக்கிறது, நான் எழுதியிருக்கிறேன், புகார் எண் இது" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு முதலில் எழுதியிருக்க வேண்டும், அது வேறு விஷயம். எழுதும்போது "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று எழுதாதீர்கள். கணினியின் பெயர், உங்கள் ஐ.டி., எந்த நாளிலிருந்து, வேறு கணினியில் வருகிறதா, திரையில் வந்த வாசகம் அப்படியே. இந்த ஐந்தும் இருந்தால் உங்கள் புகாரை "ரீஸ்டார்ட்" சொல்லி மூடுவது அவர்களுக்குக் கஷ்டம். எரிச்சலில் வேறு யாருடைய பாஸ்வேர்டையாவது வாங்கிப் பூட்டைத் திறக்கவும் வேண்டாம். அது கடைசியில் உங்கள் பெயரில்தான் விடியும்.

உறவினர்களுக்கு ஒரு சேதி, இதோடு சேர்ந்ததுதான். போன மாதம் வளைகாப்பு வீட்டில் நம் பையன் ஒருவன் தன் கம்பெனி மடிக்கணினியில் பென் டிரைவ் செருகிப் படங்களைக் காப்பி எடுத்துத் தர மறுத்தான் என்று இரண்டு பெரியவர்களுக்குக் கோபம். "பெங்களூர் போனதும் தலைக்கனம்" என்ற அளவுக்குப் பேச்சு போனது. அவன் மறுக்கவில்லை, அந்த மடிக்கணினி மறுத்தது. வீட்டில் இருந்தாலும், ஊஞ்சலில் வைத்துத் திறந்தாலும் அது அலுவலகத்து மேசைதான். முன்பு அலுவலக சர்வரோடு பேசினால்தான் விதி வந்து சேரும். இப்போது இன்டியூன் போன்ற ஏற்பாடுகளில் இணையம் இருக்கும் இடத்திலெல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. மீறிச் செய்தால் அவனுக்கு மெயில் வரும், விளக்கம் எழுத வேண்டும். அவனை விட்டுவிடுங்கள். படங்களை நான் போட்டோகிராபரிடமிருந்து வாங்கி என் பழைய டெஸ்க்டாப்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வரும் ஞாயிறு பென் டிரைவ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அமாவாசை அன்று மட்டும் வேண்டாம், தெருவுக்குள் வண்டி நுழையாது.